செல் குரூப்ல மனசு விட்டுப் பேசறது, பேசறவங்களக் கேக்கறது: புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சபைக்கு புதுசா வந்து ஒரு செல் குரூப்ல, அதாவது சபைக்குள்ள சில பேர் சேர்ந்து ஜெபிக்கற சின்னக் குழுல, சேர்ந்திருக்கீங்க. சில சபைல அத வீட்டு ஜெபம்னு சொல்வாங்க, சில இடத்துல கேர் செல், ஐக்கியக் கூடுகைன்னு ஏதோ ஒரு பேர். முதல் வாரமே வட்டமா உக்காந்து "ஜெபக் குறிப்பு இருக்கறவங்க சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வருவாங்க, உங்க முறை நெருங்க நெருங்க வயித்துக்குள்ள என்னமோ பண்ணும், கடைசில "குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு ஒரு வரியச் சொல்லி தப்பிச்சுடுவீங்க.

நான் எட்டு மாசம் அப்படித்தான் தப்பிச்சேன். அப்பா ஐசியூல இருந்தப்போ கூட "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்"னு சிரிச்சுகிட்டே சொன்னேன். அப்புறம் அப்பா இறந்து ரெண்டாவது மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்துல திடீர்னு உடைஞ்சு போய், நாப்பது நிமிஷம், பதினாலு பேர் முன்னாடி, ஆஸ்பத்திரி பில்லுல இருந்து அண்ணனோட இருந்த சொத்துத் தகராறு வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாசல்ல நிக்கறேன், எனக்கு பேர் கூட தெரியாத ஒருத்தங்க கையப் பிடிச்சு "எல்லாம் கேள்விப்பட்டேன், அண்ணன மன்னிச்சுடுங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் நான் அந்தக் குரூப் பக்கமே போகல.

மூடி வச்சதும் தப்பாப் போச்சு, கொட்டினதும் தப்பாப் போச்சு. யாரும் கெட்டவங்க இல்ல. எவ்வளவு சொல்றது, யார்கிட்ட சொல்றது, கேக்கறவங்க என்ன செய்யணும்னு எதிர்பார்க்கறோம், இத யாரும் எனக்குச் சொல்லித் தரல, அவ்வளவுதான். அதனால நான் பட்டு தெரிஞ்சுகிட்டத வரிசையா எழுதறேன்.

1. போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு வரி எழுதுங்க

இதுக்கு ஆவணம்னு ஒண்ணு தேவைன்னா அது இந்தத் தாள்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் பத்து நிமிஷம் போதும். மூணு வரி:

என்ன நடந்துச்சு.
எனக்குள்ள என்ன ஓடுது.
எனக்கு இப்போ என்ன வேணும்.

ரெண்டாவது வரிலதான் எல்லாரும் மாட்டுவோம். ஏன்னா சபைக்குள்ள வந்த கொஞ்ச நாள்லயே நமக்கு ஒரு வார்த்தை பழகிடும், "பாரமா இருக்கு". பயமா இருந்தாலும் பாரம், கோபமா இருந்தாலும் பாரம், பொறாமையா இருந்தாலும் பாரம், எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடுவோம். "போராட்டமா இருக்கு", "சமாதானம் இல்ல" இதெல்லாமும் அதே மூட்டைதான். எழுதும்போது அந்த மூணையும் போடாம எழுதிப் பாருங்க, அப்போதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். நான் அண்ணன் மேல கோபம்னு ஒரு வருஷமா நினைச்சுகிட்டு இருந்தது, எழுதிப் பாத்தா, அப்பாவோட கடைசி ராத்திரி நான் வீட்டுக்குத் தூங்கப் போயிட்டேனேங்கற குற்ற உணர்ச்சி. அது தெரியாம நான் கூட்டத்துல கோபத்தச் சொன்னேன், கோபத்துக்கு பதில் கிடைச்சது, அதான் "அண்ணன மன்னிச்சுடுங்க".

எழுத வரலன்னா பைபிள்ல 13-ஆம் சங்கீதத்த எடுத்துக்கோங்க. ஆறே வசனம். முதல் ரெண்டு வசனம் "எதுவரைக்கும் கர்த்தாவே"ன்னு முறையீடு, அடுத்த ரெண்டு என்ன வேணும்னு விண்ணப்பம், கடைசி ரெண்டு நம்பிக்கை. அந்த வரிசைல உங்க கதையப் போட்டுப் பாருங்க. கடைசி ரெண்டு வசனத்துக்கு உங்ககிட்ட ஒண்ணும் வரலயா, விட்டுடுங்க, 88-ஆம் சங்கீதம் சிநேகிதங்க எல்லாம் தூரமாப் போயிட்டாங்கன்னு புலம்பலோடயே முடிஞ்சிடும், அதுவும் வேதத்துலதான் இருக்கு. சாட்சி (கர்த்தர் செஞ்ச நன்மைய எல்லார் முன்னாடியும் சொல்றது) மாதிரி முடிச்சாகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

2. யார்கிட்ட எவ்வளவுன்னு முடிவு பண்ணுங்க

பிடிபடற ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு என்ன பண்ணாருன்னு மத்தேயு 26 எடுத்துப் படிங்க. காட்டிக் கொடுக்க யூதாஸ் போனப்புறம் கூட இருந்த சீஷர்கள் பதினோரு பேர். அவங்கள்ல எட்டுப் பேர "இங்கே உட்கார்ந்திருங்கள்"னு சொல்லிட்டு, பேதுரு, யாக்கோபு, யோவான் மூணு பேர மட்டும் இன்னும் உள்ள கூட்டிட்டுப் போறாரு. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது"ங்கறத அந்த மூணு பேர்கிட்டதான் சொல்றாரு. எட்டுப் பேர் மேல நம்பிக்கை இல்லாம இல்ல, ஆனா எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லல. அந்த மூணு பேரும் தூங்கிட்டாங்கங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, நீங்க தேர்ந்தெடுக்கற ஆளும் ஒரு நாள் தூங்குவாங்க, உங்க மெசேஜ பாத்துட்டு பதில் போட மறப்பாங்க.

அதனால பெரிய கூட்டத்துல தலைப்பு மட்டும் ("வீட்டுல ஒரு கஷ்டமான விஷயம் போயிட்டிருக்கு, விவரம் இப்போ சொல்ல முடியல, ஜெபிச்சுக்கோங்க"). செல் குரூப்ல தலைப்பும் உணர்வும். ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட மட்டும் முழு விவரம்.

அந்த ஒண்ணு ரெண்டு பேர எப்படிக் கண்டுபிடிக்கறது? அவசரப்படாதீங்க. ஒரு சின்ன விஷயத்தச் சொல்லிட்டு ரெண்டு வாரம் காத்திருங்க, அது வேற வாயில இருந்து திரும்பி வருதான்னு பாருங்க. இன்னொரு அடையாளம் இதவிட வேகமானது: அவங்க உங்ககிட்ட வேற யாரோட கதையாவது "ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு ஆரம்பிக்கறாங்களா? அப்போ உங்க கதையும் நாளைக்கு அதே வாக்கியத்தோட இன்னொரு வீட்டுக்குப் போகும். நீதிமொழிகள் 11:13 இத ஒரே வரில சொல்லிடும், "புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான்".

கல்யாணமானவங்களுக்கு ஒரு விஷயம், கூட்டத்துல சொல்றது வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ முதல் தடவையா கேக்கற செய்தியா இருக்கக்கூடாது. பக்கத்துல உக்காந்து அந்த முகம் மாறறத நான் பாத்திருக்கேன். (வீட்டுக்குள்ள பயந்து வாழற நிலைமைன்னா இந்த விதி பொருந்தாது, 8-ஆம் படியப் பாருங்க.)

3. நேரம் கேட்டு வாங்குங்க

ஆராதனை முடிஞ்சு பாஸ்டர் வாசல்ல கை குலுக்கிட்டு நிக்கற நேரம் இதுக்கான நேரம் இல்ல. அவர் கண்ணு உங்க மேல இருந்தாலும் பின்னாடி முப்பது பேர் நிக்கறாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு போன் போடறதும் வேண்டாம், உயிர் பிரச்சினையா இருந்தா தவிர. "அண்ணா, இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா, ஒரு விஷயம் பேசணும், அவசரம் இல்ல"ன்னு கேளுங்க. அவசரமா இல்லையாங்கறத சொல்லிடுங்க, இல்லன்னா அவங்க மூணு நாள் பதறிகிட்டே இருப்பாங்க.

4. வாயத் திறக்கும்போது முதல் வரி இதுதான்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு படிய மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இத எடுத்துக்கோங்க. கதைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லிடுங்க. நாலுல ஒண்ணு:

"எனக்கு இப்போ யாராவது கேட்டா போதும், பதில் வேண்டாம்."
"கேட்டுட்டு ஜெபிங்க."
"எனக்கு ஆலோசனை வேணும், என்ன பண்றதுன்னு தெரியல."
"எனக்கு ஒரு உதவி வேணும்."

கேக்க செயற்கையாத்தான் இருக்கும், முதல் தடவை எனக்கும் நாக்கு கூசிச்சு. ஆனா இத சொல்லலன்னா கேக்கறவங்க அவங்களுக்குத் தெரிஞ்சத எடுத்துக் குடுப்பாங்க. வசனம் தெரிஞ்சவங்க வசனம் குடுப்பாங்க, ஆள் தெரிஞ்சவங்க போன் நம்பர் குடுப்பாங்க, உபவாசத்துல நம்பிக்கை உள்ளவங்க மூணு நாள் உபவாசம் எடுக்கச் சொல்வாங்க.

செல் குரூப்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. மத்தவங்களும் ஏதோ சுமந்துகிட்டு வந்திருப்பாங்க, நான் நாப்பது நிமிஷம் பேசின அன்னைக்கு ஒரு சிஸ்டர் மறுநாள் ஆபரேஷன வச்சுகிட்டு வாயே திறக்காம போயிருக்காங்க, எனக்கு அது ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

பொதுவா மாட்டற குழிகள் மூணு.

அடுத்தவங்க கதைய உங்க கதையோட சேத்து சொல்றது. "என் பையன் குடிக்கறான்"ங்கறது உங்க பையனோட ரகசியம், "நான் ராத்திரி தூங்காம வாசலையே பாத்துகிட்டு இருக்கேன், ரொம்ப பயமா இருக்கு"ங்கறது உங்களோடது. ரெண்டாவத சொல்லுங்க, ஜெபிக்க அது போதும்.

புகார ஜெபக் குறிப்பாக்கறது. குரூப்ல இருக்கற ஒருத்தரோட உங்களுக்கு மனஸ்தாபம், அவர் வராத வாரமாப் பாத்து "ஒரு சகோதரருக்காக ஜெபிங்க, அவருக்கு கொஞ்சம் பெருமை..." வேண்டாங்க. மத்தேயு 18:15 தனியாப் போய் அவர்கிட்டயே பேசுங்கன்னுதான் சொல்லுது. ஜெபத்துல பேர் சொல்லாம குத்தறது எல்லாருக்கும் புரியும், கர்த்தருக்கும் புரியும்.

மூணாவது பணம். பணம் தேவைன்னா பணம் தேவைன்னு சம்பந்தப்பட்டவங்ககிட்ட தனியா, நேரடியா கேளுங்க. கண்ணீரோட ஜெபக் குறிப்பாச் சொல்லிட்டு யாராவது புரிஞ்சுகிட்டு குடுப்பாங்கன்னு காத்திருந்தீங்கன்னா, குடுக்கலன்னா உங்களுக்குக் கசப்பு, குடுத்தா அடுத்த தடவை நீங்க அழும்போது அவங்களுக்கு சந்தேகம்.

5. வாட்ஸ்ஆப்

எழுதினது பயணம் பண்ணும். குரூப்ல போடற ஒவ்வொரு ஜெபக் குறிப்பும் மூணு குரூப் தாண்டிப் போகும்னு நினைச்சே எழுதுங்க. நோய் பேர், ஆஸ்பத்திரி பேர், ரிப்போர்ட் போட்டோ எதுவும் வேண்டாம். "ஒரு டெஸ்ட் முடிவுக்காக காத்திருக்கோம், வெள்ளிக்கிழமை தெரியும், பயமா இருக்கு, ஜெபிங்க, தயவுசெஞ்சு வேற குரூப்ல ஃபார்வர்ட் பண்ணாதீங்க." இவ்வளவு போதும். முடிவு தெரிஞ்சதும் ஒரு வரி போட்டுடுங்க, நல்லதோ கெட்டதோ. ஜெபிச்சவங்க காத்துகிட்டு இருப்பாங்க. வாய்ஸ் மெசேஜ் ரெண்டு நிமிஷத்துக்குள்ள.

6. இப்போ நீங்க கேக்கற பக்கத்துல இருக்கீங்க

இங்கதான் நான் பண்ண பெரிய தப்பு. திரும்ப குரூப்புக்கு போக ஆரம்பிச்ச அதே வருஷம், எங்க குரூப்ல ஒரு பிரதருக்கு பிறந்த குழந்தை ரெண்டாவது நாள் இறந்துடுச்சு. நான் போனேன். அவர் வராண்டால ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாரு, கைல குழந்தைக்குன்னு வாங்கின சின்ன சாக்ஸ், லேபிள் கூட பிரிக்கல, அத கட்டை விரலால தேய்ச்சுகிட்டே இருந்தாரு. எனக்கு அந்த அமைதி தாங்க முடியல. என்ன சொல்றதுன்னு தெரியாம, "பிரதர், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்"னு ரோமர் 8:28 எடுத்து விட்டேன். அவர் தலை நிமிந்து என்னைப் பாத்தாரு. "எது நன்மை?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நான் முழிச்சேன். அவர் எழுந்து உள்ள போயிட்டாரு.

வசனம் பொய்யில்ல. பவுல் எழுதின அந்த வசனத்துக்கு அஞ்சாறு வசனம் முன்னாடியே சிருஷ்டி முழுசும் தவிக்குது, நாமளும் உள்ளுக்குள்ள தவிக்கறோம்னு எழுதியிருக்காரு, நான் தவிப்ப தாண்டி குதிச்சுட்டேன். என் அமைதியின்மைக்கு மருந்தா அவர் தலைல வசனத்தப் போட்டேன். நீதிமொழிகள் 25:20 மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடறது குளிர்காலத்துல ஒருத்தன் துணியக் கழட்டற மாதிரின்னு சொல்லுது. நான் சரியா அதத்தான் பண்ணேன்.

பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்களப் பத்தி எல்லாரும் குறையா பேசுவோம், ஆனா முதல் ஏழு நாள் அவங்க பண்ணது நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு வராது. ஏழு பகல் ஏழு ராத்திரி தரைல கூட உக்காந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. யோபு புலம்ப ஆரம்பிச்சதும் பதில் சொல்லணும்னு தோணிச்சு பாருங்க, அங்க கெட்டுது. புலம்பல கேள்வின்னு நினைச்சு விடை சொல்ல ஆரம்பிச்சாங்க. கடைசில கர்த்தர் கோபப்பட்டது யோபு மேல இல்ல, விடை சொன்னவங்க மேல.

அதனால நடைமுறைல இப்படி செய்யுங்க.

அவங்க முதல் வரில என்ன வேணும்னு சொல்லலன்னா நீங்க கேளுங்க: "நான் கேட்டா போதுமா, இல்ல ஏதாவது சொல்லணுமா?" இந்த ஒரு கேள்வி பாதி வேலைய முடிச்சுடும்.

அவங்க நிறுத்தினதும் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. பெரும்பாலும் ஏழு எட்டு வரும்போது அவங்களே அடுத்தத சொல்வாங்க, அதுதான் உண்மையா சொல்ல வந்தது. நாம மூணுலயே உள்ள புகுந்துடறோம். யாக்கோபு 1:19 கேக்கறதுக்கு தீவிரம், பேசறதுக்கு பொறுமைன்னு சொல்லுது, நமக்கு எப்பவும் தலைகீழ்.

அவங்க வார்த்தையவே திருப்பிச் சொல்லுங்க. "கடைசி ராத்திரி கூட இல்லாம போயிட்டேன்னு உறுத்துது, இல்லையா." சரியாப் புரிஞ்சுகிட்டீங்கன்னா தலையாட்டுவாங்க, தப்புன்னா திருத்துவாங்க, ரெண்டுமே நல்லதுதான்.

சொல்லக்கூடாத வரிகள் சில இருக்கு, எல்லாமே நல்ல எண்ணத்துல சொல்றதுதான்: "விசுவாசிகள் இப்படி கலங்கலாமா", "கர்த்தருக்கு அந்தக் குழந்தை தேவைப்பட்டுச்சு", "ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கான்னு பாருங்க", "நம்ம இன்னொரு பிரதருக்கு இதவிட மோசம்", "எனக்குப் புரியுது" (புரியாது, நீதிமொழிகள் 14:10 இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்னு சொல்லிடுச்சு). கடைசியா "எதுவும் வேணும்னா சொல்லுங்க". இது கேக்க நல்லா இருக்கும், ஆனா துக்கத்துல இருக்கறவங்க யோசிச்சு கேக்கற நிலைமைல இருக்க மாட்டாங்க. "வியாழக்கிழமை பிள்ளைங்கள ஸ்கூல்ல நான் விடறேன், சரியா?"ன்னு கேளுங்க, ஆமா இல்லன்னு ஒரு வார்த்தைல முடியும்.

உங்க கதைய அவங்க கதை மேல வைக்காதீங்க. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு"ன்னு ஆரம்பிச்சு இருபது நிமிஷம் கழிச்சு பாத்தா அழறது நீங்க, தேத்தறது அவங்க.

ஜெபிக்கறதுக்கு முன்னாடி "இப்போ ஜெபிக்கட்டுமா?"ன்னு கேளுங்க. தோள்ல கை வைக்கறதுக்கும் கேளுங்க. ஜெபம் சின்னதா இருக்கட்டும், அவங்க சொன்ன வார்த்தையவே கர்த்தர்கிட்ட சொல்லுங்க. ஜெபத்துக்குள்ள பிரசங்கம் வேண்டாம், "ஆண்டவரே இந்த மகளுக்கு மன்னிக்கற இருதயத்த தாரும்"னு கண்ண மூடிகிட்டு புத்தி சொல்றது கண்ணத் திறந்து சொல்றதவிட மோசம், ஏன்னா ஆமென் சொல்லித்தான் ஆகணும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி பதிலும் வேண்டாம். யோவான் 11-ல மார்த்தாளும் மரியாளும் இயேசுகிட்ட சொன்னது ஒரே வாக்கியம்தான், நீர் இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு. மார்த்தாளோட அவர் பேசறாரு, உயிர்த்தெழுதலப் பத்தி. மரியாளும் கூட வந்தவங்களும் அழறதப் பாத்து கலங்கி, எங்க வச்சீங்கன்னு கேட்டுட்டு, கண்ணீர் விடறாரு. செத்துப் போன அந்த சகோதரன் லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும். சிலருக்கு பேச்சு வேணும் சிலருக்கு கண்ணீர் வேணும், எதுன்னு ஆளப் பாத்துத்தான் தெரியும்.

சந்தோஷமும் இதுல சேரும், அத மறந்துடுவோம். ரோமர் 12:15 அழறவங்களோட அழுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி சந்தோஷப்படறவங்களோட சந்தோஷப்படுங்கன்னு சொல்லுது. எனக்கு ரெண்டுல இதுதான் கஷ்டம். நீங்க வேலைக்காக ஒரு வருஷமா ஜெபிச்சுகிட்டு இருக்கும்போது நேத்து வந்தவருக்கு வேலை கிடைச்சுடுச்சுன்னு சாட்சி சொன்னா கை தட்டறது லேசு, உள்ள சுருங்கறது யாருக்கும் தெரியாது. அந்தச் சுருக்கத்த உங்க ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லிடுங்க, அது பாவம் பண்ணிட்டோம்னு மறைச்சு வைக்கற அளவுக்கு பெரிய விஷயம் இல்ல, மறைச்சாதான் பெரிசாகும்.

7. தப்பாப் பேசிட்டீங்கன்னா

பேசுவீங்க. ஏலி ஆசாரியன், பிள்ளை இல்லாத துக்கத்துல ஜெபிச்சுட்டிருந்த அன்னாளோட உதடு மட்டும் அசையறதப் பாத்து குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டாரு. அவ ஓடிப் போகல, நான் குடிக்கல, என் இருதயத்த ஊத்திட்டிருக்கேன்னு நேரா சொன்னா. அவரும் விளக்கம் குடுத்துகிட்டு நிக்கல, "சமாதானத்துடனே போ"ன்னு ஆசீர்வதிச்சாரு.

காயப்பட்டது நீங்கன்னா ஒரு வாரத்துக்குள்ள தனியா சொல்லுங்க: "அன்னைக்கு நீங்க சொன்னது நல்ல எண்ணத்துலன்னு தெரியும், ஆனா எனக்கு வலிச்சது, எனக்கு வேண்டியது இது." காயப்படுத்தினது நீங்கன்னா "தப்பா எடுத்துகிட்டீங்க"ங்கற வார்த்தை வாயில வரக்கூடாது. "நான் அன்னைக்கு பேசியிருக்கக்கூடாது, மன்னிச்சுக்கோங்க", முற்றுப்புள்ளி. நான் அந்த பிரதர்கிட்ட போக அஞ்சு வாரம் எடுத்துகிட்டேன், அது அதிகம், அந்த அஞ்சு வாரமும் அவர் எனக்குப் பதிலா என் வசனத்தோட சண்டை போட்டுகிட்டு இருந்திருக்காரு.

8. ரகசியம் காக்கக்கூடாத இடம்

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டியே சத்தியம் பண்ணாதீங்க. "உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி கூப்பிடுவேன், மத்தபடி என்கிட்டயே இருக்கும்"னு சொல்லுங்க.

சாகணும்னு பேசினா நேராவே கேளுங்க, "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க, உங்க நாட்டு அவசர எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ கூட இருந்தே போன் போடுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ஜெபம் வழியிலயே பண்ணிக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோன்னு சொன்னப்போ தேவதூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும், அப்புறம் தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சு நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனதுக்கு அப்புறம்தான்.

குழந்தைங்ககிட்ட யாராவது தப்பா நடந்துகிட்டா, அது சபை மூத்தவரா இருந்தாலும் சரி, உள்ளுக்குள்ள பேசித் தீக்கற விஷயம் இல்ல, சட்டப்படி புகார் குடுக்கணும். வீட்டுல அடி வாங்கறவங்ககிட்ட "பொறுத்துக்கோங்க, ஜெபிங்க, அவர் மாறுவாரு"ன்னு சொல்லி திருப்பி அனுப்பாதீங்க. முதல்ல பாதுகாப்பான இடம். மத்ததெல்லாம் அப்புறம்.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெட்டுக் கிடந்தா டாக்டர் இல்ல கவுன்சிலர். விசுவாசக் குறைவு இல்ல அது. பீஸ் எவ்வளவு, எத்தனை தடவை வரணும்னு முதல் போன்லயே கேட்டுடுங்க, சில சபைகள்ல இதுக்கு உதவி நிதி இருக்கும், கூச்சப்படாம கேளுங்க.

9. செலவும் நாளும்

சொன்ன மறுநாள் காலைல ஒரு வெக்கம் வரும். "ஏன்டா சொன்னோம்"னு இருக்கும், குரூப்ப விட்டே போயிடலாம்னு தோணும். இது எல்லாருக்கும் வரும், ரெண்டு மூணு நாள்ல அடங்கும், அதுவரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீங்க. கேட்டவங்களுக்கு இது தெரிஞ்சா மறுநாள் ஒரு வரி அனுப்பலாம்: "நேத்து சொன்னதுக்கு நன்றி, என்கிட்ட பத்திரமா இருக்கு."

கேக்கறவங்களுக்கும் செலவு உண்டு. ஒரு மணி நேரம் கேட்டா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கொஞ்சம் போகும். வாரத்துக்கு ரெண்டு பேருக்கு மேல நான் ஏத்துக்கறது இல்ல. கலாத்தியர் 6:2 ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமங்கன்னு சொல்லுது, மூணே வசனம் தள்ளி 6:5-ல அவனவன் தன் பாரத்த சுமப்பான்னும் சொல்லுது, ரெண்டையும் சேத்துப் படிச்சா எவ்வளவு தூக்கலாம்னு ஒரு கணக்கு கிடைக்கும். முடியாத அன்னைக்கு "இன்னைக்கு என்னால சரியா கேக்க முடியாது, சனிக்கிழமை வரட்டுமா"ன்னு சொல்றதுல தப்பில்ல, சனிக்கிழமை போகணும், அவ்வளவுதான்.

அப்புறம் தேதி. துக்க வீட்டுக்கு முதல் வாரம் எல்லாரும் வருவாங்க, மூணாவது மாசம் யாரும் வர மாட்டாங்க, அதனால போன் காலண்டர்ல மூணு தடவை குறிச்சு வச்சுக்கோங்க: மூணாவது நாள், மூணாவது மாசம், அடுத்த வருஷம் அதே தேதி. அந்த பிரதரோட குழந்தை தேதி என் போன்ல இருக்கு. போன தடவை "இன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கு பிரதர்"னு மட்டும் அனுப்பினேன், வசனம் ஒண்ணும் சேக்கல. ராத்திரிதான் பதில் வந்துச்சு. "இருந்திருந்தா இன்னைக்கு நாலு வயசு. வாங்களேன், பேசிட்டு இருக்கலாம்"னு இருந்துச்சு. வண்டிய எடுத்துகிட்டுப் போனேன்.